ஷேக்ஸ்பியரோட மேக்பெத் நாடகம் உங்கள எந்த இடத்துல பிடிச்சு உலுக்குச்சு? அனுபவத்தை எழுதுங்க

மழைக்கோட்டு:
நான் ஸ்காட்லாந்துல பெர்த் பக்கம் வேலை பாக்குறேன், அதனால நானே ஆரம்பிச்சு வைக்கிறேன். வந்த புதுசுல ஒரு லீவு நாள்ல பர்னம் போனேன். டே ஆத்தங்கரையில பிரம்மாண்டமா ஒரு ஓக் மரம், நாடகத்துல வர்ற பர்னம் காட்டுல மிச்சம் இருக்குறதே இதுதான்னு சொல்றாங்க, கிளையெல்லாம் தாழ்ந்து போய் கட்டைய வெச்சு முட்டுக் குடுத்திருக்காங்க. அங்கிருந்து, நாடகத்துல மேக்பெத்தோட கோட்டை இருக்குற டன்சினேன் குன்று நேர்கோட்டுல ஒரு 20 கிலோமீட்டர் இருக்கும். அதுலயும் ஏறினேன். 300 மீட்டர் சொச்சம்தான் உயரம், ஆனா மூச்சு வாங்கிடுச்சு. கோட்டை கீட்டைன்னு ஒண்ணும் கிடையாது, ரொம்ப பழங்காலத்து மண்மேடும் பள்ளமும் புல்லு மூடிக் கெடக்கு, ஒரு பக்கம் கல் குவாரி வேற.

ஆனா மேல நின்னா நாலா பக்கமும் தெரியுது. எந்தப் படை வந்தாலும் முன்னாடியே தெரிஞ்சிடும், அப்படிப்பட்ட எடத்துல உக்காந்துட்டு மேக்பெத், பர்னம் காடு டன்சினேனுக்கு வர்ற வரைக்கும் உனக்குத் தோல்வி இல்லங்கற ஜோசியத்தை நம்பி, ஆள் கணக்கு பாக்காம "காடு நடந்து வராதுல்ல"ன்னு தைரியமா இருந்திருக்கான். வந்தது காடும் இல்ல, எத்தனை பேர்னு எதிரிக்குத் தெரியக்கூடாதுன்னு, அவன் கொன்ன ராஜா டங்கனோட மகன் மால்கம் ஆளுக்கொரு கிளைய வெட்டிப் பிடிச்சுட்டு வரச் சொன்னான், அவ்ளோதான்.

சைடுல ஒரு விஷயம். நெஜ மேக்பெத்தை நெனச்சா பாவமா இருக்கு. 1040ல டங்கன் செத்தது எல்ஜின் பக்கத்துல நடந்த சண்டையில, நாடகத்துல வர்ற மாதிரி தூக்கத்துல யாரும் குத்தல, அவர் கிழவரும் இல்ல. அப்புறம் மேக்பெத் 17 வருஷம் ஆண்டிருக்கார், நடுவுல 1050ல ரோமுக்கு யாத்திரை போய் ஏழைங்களுக்குக் காசை வாரி எறச்சார்னு பழைய குறிப்பு இருக்கு. சிம்மாசனம் போயிடுமோன்னு நடுங்குற ஆளு நாட்டை விட்டுட்டு அவ்ளோ தூரம் போவாரா?

பின்பெஞ்சு:
அண்ணே வரலாறு சரி, ஆனா ஷேக்ஸ்பியர் எழுதினது 1606 வாக்குல, அப்ப லண்டன்ல ராஜா ஜேம்ஸ். அவரும் ஸ்காட்லாந்துக்காரர், அவர் வம்சம் மேக்பெத்தோட சக தளபதி பாங்க்வோ வழில வந்ததுன்னு நம்பிக்கை, போதாக்குறைக்கு சூனியக்காரிங்களைப் பத்தி 1597லயே புத்தகம் போட்ட மனுஷன். ஷேக்ஸ்பியர் கதை எடுத்த ஹாலின்ஷெட் சரித்திரத்துல டங்கனைக் கொல்றதுல பாங்க்வோவுக்கும் பங்கு உண்டு, நாடகத்துல அதைக் கழுவித் தொடச்சு நல்லவனாக்கிட்டார். பின்ன, ராஜாவோட முப்பாட்டனையா கொலைகாரன்னு காட்ட முடியும்?

என் அனுபவம் காலேஜ் டிராமா. மேக்பெத் வேஷம் கேட்டேன், லெனாக்ஸ்தான் கெடச்சுது, சும்மா கூட்டத்துல நிக்கிற பிரபு. ஒரு நீள வசனம் உண்டு, அதையும் வெட்டிடலாம்னுதான் பேச்சு. டங்கனைக் கொன்னதும் பாங்க்வோவை ஆள் வெச்சுக் கொன்னதும் மேக்பெத்துதான், ஆனா அதுல அவன் என்ன சொல்றான்னா, டங்கன் செத்தாரு, மேக்பெத் எவ்ளோ வருத்தப்பட்டாரு பாவம், பாங்க்வோ ராத்திரி லேட்டா நடந்து போனாரு, மகன் ஃப்ளீயன்ஸ் ஓடிட்டான், அப்ப அவன்தான் அப்பனைக் கொன்னிருக்கணும், அதனால யாரும் ராத்திரி லேட்டா நடக்கக் கூடாதுங்க. இதை நான் நக்கலா இழுத்து இழுத்துப் பேசுனேன். டைரக்டர் நிறுத்தி, ரேடியோ செய்தி மாதிரி படி, ஒரு சொல்லு கூட ராஜாவுக்கு எதிரா இல்ல பாரு, எதிர்ல நிக்கிறவன் ஒற்றனா இருந்தாலும் உன்னைப் பிடிக்க முடியாதுன்னார். ரெண்டு சீன் முன்னாடிதான் மேக்பெத் பொண்டாட்டி கிட்ட சொல்றான், எல்லா பிரபு வீட்டுலயும் நான் சம்பளம் குடுத்து ஒரு வேலக்காரனை வெச்சிருக்கேன்னு. அது தெரிஞ்சப்புறம் அந்த வசனத்தைச் சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் கை சில்லுனு ஆயிடும். கொலை சீன்லகூட எனக்கு அவ்ளோ ஆனதில்ல.

நைட்ஷிப்ட்:
என்ன இருந்தாலும் எல்லாத்துக்கும் காரணம் நீ ராஜா ஆவேன்னு ஜோசியம் சொன்ன அந்த மூணு சூனியக்காரக் கிழவிங்கதானே? அவளுங்க வாய வெச்சுட்டு சும்மா இருந்திருந்தா அவன் பாட்டுக்கு கிளாமிஸ் பிரபுவா காலத்தை ஓட்டியிருப்பான்.

சாக்பீஸ்:
அப்படி இல்லப்பா. அதே பொட்டல்ல பாங்க்வோவும்தான் நின்னான், உன் பிள்ளைங்க ராஜாவாவாங்கன்னு அவனுக்கும் சொன்னாங்க. அவன் கத்தி எடுக்கல. (ரொம்ப யோக்கியனும் இல்ல, மேக்பெத் மேல சந்தேகம் வந்தும் வாயத் தொறக்கல, நம்ம பங்கும் பலிக்கட்டும்னு ஒரு ஆசை.) கிழவிங்க ராஜா ஆவேன்னுதான் சொன்னாங்க, கொல்லுன்னு ஒரு வார்த்தை சொல்லல. என்னைக் கேட்டா அவனைக் கிளப்பிவிட்டது டங்கன் மால்கமை வாரிசுன்னு அறிவிச்ச சீன்தான். அந்தக் காலத்து ஸ்காட்லாந்துல மூத்த மகனுக்குத்தான் பட்டம்னு கட்டாயம் இல்ல, ராஜவம்சத்துல வேற கிளையில இருந்தும் வரலாம். அதனால இவனுக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கும், அது ஒரே அறிவிப்புல போச்சு.

நான் காலேஜ்ல இந்த நாடகம் நடத்துறேன். ஒரு பொண்ணு கேட்டா, மேடம், பொண்ணு வயித்துல பொறந்த எவனாலயும் உனக்கு ஆபத்து இல்லன்னு கிழவிங்க காட்டுன ஆவி மேக்பெத்துக்குச் சொல்லிடுச்சு, அவனை எதிர்க்குற பிரபு மேக்டஃப் விஷயத்துல "அப்ப மேக்டஃப் பொழைச்சுப் போகட்டும்"னு அவனே சொல்றான், அடுத்த வரியிலயே எதுக்கும் அவனையும் முடிச்சிடலாம்ங்கறானே, ஏன்னு. நான் எத்தனையோ வருஷமா அந்த வரிய வாசிச்சுத் தாண்டிப் போயிருக்கேன். பாதுகாப்பு கெடைக்கக் கெடைக்க பயம் கூடுது அவனுக்கு. மேக்டஃப் இங்கிலாந்துக்கு ஓடிட்டான்னு தெரிஞ்சதும் அவன் பொண்டாட்டி பிள்ளைங்களை வெட்டச் சொல்றான், அதுல எந்த ஜோசியமும் இல்ல, எந்த லாபமும் இல்ல. டங்கனைக் கொல்லும்போதாவது ஒரு சிம்மாசனம் இருந்துச்சு.

அந்த சேதியோட ராஸ்ங்கற பிரபு இங்கிலாந்துக்கு வர்றான் பாருங்க, நாடு எப்படி இருக்குன்னு கேட்டா, சாவு மணி அடிச்சா யாருக்குன்னு கூட இப்ப யாரும் கேக்குறதில்லங்கறான். அப்புறம் மேக்டஃப் "என் பொண்டாட்டி எப்படி இருக்கா?"ன்னு கேக்க, நல்லா இருக்காங்கன்னு சொல்லிடுறான், உண்மைய உடனே சொல்ல வாய் வரல. அந்த எடத்தை என்னால கிளாஸ்ல சத்தமா படிக்க முடியறதில்ல, பசங்களையே படிக்கச் சொல்லிடுவேன்.

நைட்ஷிப்ட்:
மேடம் நீங்க சொல்றது புரியுது, இருந்தாலும் அந்தக் கிழவிங்க மேல எனக்குக் கோவம் போகல. கடைசில வயித்தைக் கீறி எடுத்த மேக்டஃப் கையால அவன் சாகுறான், "சிசேரியன் கணக்குல வராது"ன்னு சொல்ற ஜோசியத்தை எந்த ஊர்ல ஒத்துக்குவாங்க?