ஆஃப்லைன் மேப் செயலியில் இடத் தேடல்: ‘சேலம்’ என்று தட்டினால் சிலம்பம் வருகிறது

பரிசல்துறை:
வணக்கம். ஆண்ட்ராய்டு மேப் செயலி ஒன்று. மேப்பைக் காட்டுவது மேப்லிப்ரே நூலகம்; தமிழ்நாட்டு வெக்டர் டைல்கள் (மேப் தரவின் சதுரத் துண்டுகள்) போனிலேயே இருக்கின்றன. அதில் இடம் தேடும் பெட்டி சேர்க்க வேண்டும்: ஊர், தெரு, கடை, பஸ் ஸ்டாப், எல்லாமே நெட் இல்லாமல். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த மேப்பின் பெயர்களை எஸ்க்யூலைட் தரவுத்தளத்தின் எஃப்டிஎஸ்5 (சொல் தேடல்) அட்டவணையில் போட்டாயிற்று. ஆங்கில எழுத்தில் தேடினால் ஒழுங்காக வருகிறது. தமிழில் ‘சேலம்’ என்றால் சிலம்பப் பயிற்சிக் கூடமும், ‘விசாலம்’ என்ற கடையும் சேர்ந்து வருகின்றன. எங்கே தப்பு? இல்லை, ஒவ்வொரு எழுத்துக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் பொது இடத் தேடல் சர்வரான நாமினேட்டிமையே கேட்டுவிடலாமா?

எழுத்துக்கூட்டி:
தப்பு டோக்கனைசரில், அதாவது உரையைச் சொற்களாக வெட்டும் பகுதியில். எஃப்டிஎஸ்5 வழக்கமாக எடுத்துக்கொள்ளும் யூனிகோட்61, எழுத்து, எண் வகைக் குறிகளை மட்டுமே சொல்லின் பகுதியாக மதிக்கும். நம் கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் ‘சேர்குறி’ வகை. அதனால் அவற்றை இடைவெளி போல வெட்டிவிடும். ‘சேலம்’ உள்ளே போகும்போது ‘ச’, ‘லம’ என்று இரண்டு துண்டாகிறது. ‘சிலம்பம்’ போனால் ‘ச’, ‘லம’, ‘பம’. ‘விசாலம்’ போனால் ‘வ’, ‘ச’, ‘லம’. மூன்றிலும் ‘ச லம’ அடுத்தடுத்து இருக்கிறது, ஆகவே மூன்றும் பொருந்துகின்றன. அதே கணக்கில் கீரையும் கூரையும் ஒன்றுதான்! பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் பலரும் இதைக் கவனிப்பதே இல்லை.

சரிசெய்ய, அட்டவணை உருவாக்கும் வரியில் டோக்கனைசருக்கு ‘கேட்டகரீஸ்’ (categories) என்ற விருப்பத்தைக் கொடுங்கள். ஏற்கெனவே உள்ள ‘எல்*’, ‘என்*’, ‘சிஓ’ (L*, N*, Co) மூன்றோடு சேர்குறி வகைகளான ‘எம்என்’, ‘எம்சி’ (Mn, Mc) இரண்டையும் சேர்க்க வேண்டும். இரண்டுமே வேண்டும்: ஈகாரக் குறியும் புள்ளியும் ‘எம்என்’, மற்ற பெரும்பாலான குறிகள் ‘எம்சி’. இருக்கும் அட்டவணையில் இதை மாற்ற முடியாது; அழித்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

அதோடு, பெயர்களை ஏற்றும்போதும் பயனர் தட்டும்போதும் ஒரே சீராக்கம் ஓட வேண்டும். முதலில் என்எஃப்சி (NFC), அதாவது பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் சீராக்கம். ‘கொ’ ஒற்றைக் குறியாகவும் வரும், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் வரும். என்எஃப்சி அதை ஒன்றாக்கிவிடும். ‘கௌ’வை ள போட்டு ‘கெள’ என்று எழுதியிருந்தால் ஆக்காது, அதற்குத் தனி விதி எழுதுங்கள். ‘ஸ்ரீ’யும் இரண்டு விதக் குறியீட்டில் உலவுகிறது, திரையில் வித்தியாசமே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத யூ+200சி (எழுத்துகளை ஒட்டாமல் பிரிக்கும் குறி) இருந்தால் நீக்குங்கள்.

மைல்கல்:
பொது நாமினேட்டிம் வேண்டாம். நொடிக்கு அதிகபட்சம் ஒரு கோரிக்கை. தட்டத் தட்டப் பரிந்துரை காட்டும் தேடலுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்கள் கொள்கையிலேயே இருக்கிறது. நெட் வழித் தேடலும் வேண்டுமென்றால், தட்டத் தட்டத் தேடுவதற்கென்றே எழுதப்பட்ட ஃபோட்டான் என்ற மென்பொருளைச் சொந்த சர்வரில் நிறுவுங்கள். விசை நின்று 300 மில்லிநொடி கழித்து அனுப்பினால் போதும். ‘சே’க்கான விடை ‘சேலம்’ விடைக்குப் பிறகு வந்து பட்டியலை மாற்றிவிடாமல் பழைய கோரிக்கையை ரத்து செய்யுங்கள். கூகுள் பிளேசஸ் முடிவுகளை உங்கள் மேப்லிப்ரே மேப்பில் புள்ளியாக வைக்க அவர்கள் விதி இடம் தராது, எனவே அந்தப் பக்கம் போகாதீர்கள்.

டைலுக்குள்ளேயே தேடலாமே என்று சிலர் சொல்வார்கள். திரையில் ஏற்றிய டைல்களில் உள்ளது மட்டும்தான் அகப்படும்.

இன்னொன்று: போனில் இருக்கும் எஸ்க்யூலைட்டை நம்பாதீர்கள். பழைய பதிப்பாக இருக்கும்: ஆண்ட்ராய்டு 11-இல் 3.28, 13-இல்கூட 3.32தான். செயலியோடு சொந்தமாக ஒன்றைக் கட்டி அனுப்புங்கள், ஆர்-ட்ரீயும் (ஒரு பெட்டிக்குள் உள்ள இடங்களை வேகமாக எடுக்கும் அட்டவணை) சேர்த்து.

கோணல்கோடு:
சொந்த எஸ்க்யூலைட் என்றால், உரையை மும்மூன்று குறிகளாக வெட்டும் ட்ரைகிராம் டோக்கனைசரே போடலாமே? 3.34 முதல் இருக்கிறது, சொல்லின் நடுவிலும் தேடும்.

எழுத்துக்கூட்டி:
மூன்று குறிகள் சேரும்வரை ட்ரைகிராம் எதையும் தராது. ‘தி’ இரண்டு குறி, ‘ஊர்’ மூன்று. பயனர் கண்ணுக்கு இது ஏன் சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் செய்யவில்லை என்று புரியாது. முன்னொட்டுத் தேடல் (சொல்லின் தொடக்கத்தை மட்டும் பொருத்துவது) போதும்.

பரிசல்துறை:
அட்டவணையைப் புதிதாகக் கட்டினேன், சிலம்பம் போய்விட்டது. நன்றி. இப்போது இரண்டு சிக்கல்: ‘தாம்பரத்துல ஏடிஎம்’ என்றால் ஒன்றுமே வரவில்லை. ‘அண்ணா நகர்’ என்றால் ஏதோ ஒரு ஊர் அண்ணா நகர் முதலில் நிற்கிறது.

மைல்கல்:
ஏடிஎம், மெடிக்கல், பெட்ரோல் பங்க், பஸ் ஸ்டாண்ட் எல்லாம் பெயர் அல்ல, வகை. சிறிய சொல் பட்டியல் ஒன்று வைத்து (மெடிக்கல், மருந்துக்கடை, பார்மசி மூன்றும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் ‘அமெனிட்டி’ என்ற வகைக் குறிச்சொல்லில் ஒரே மதிப்பு) முதலில் அதைப் பிரித்தெடுங்கள். ‘கிட்ட’, ‘பக்கத்துல’, ‘அருகில்’ மூன்றையும் தள்ளிவிடுங்கள். மிஞ்சுவது ‘தாம்பரத்துல’. ‘த்துல’, ‘த்தில்’, ‘த்துக்கு’ போனால் ‘ம்’ சேர்த்து ‘தாம்பரம்’. ‘மதுரையில்’ என்றால் ‘யில்’ போகும். ஆனால் தட்டியதை அப்படியே ஒருமுறை தேடி, ஒன்றும் வராதபோது மட்டும் வேற்றுமையை வெட்டுங்கள். இல்லாவிட்டால் நாகர்கோயில் ‘நாகர்கோ’ ஆகிவிடும்.

அண்ணா நகர் இல்லாத ஊரைக் காட்டுங்கள் பார்ப்போம்! அங்கே தூரம்தான் தீர்ப்பு. ஆர்-ட்ரீயில் முதலில் 5 கிமீ பெட்டி: அகலாங்கில் இருபுறமும் சுமார் 0.045 பாகை, நெட்டாங்கில் சென்னைப் பக்கம் ஒரு பாகை சுமார் 108 கிமீ என்று கணக்கிடுங்கள். பத்து முடிவு சேராவிட்டால் 25 கிமீ, பிறகு முழு மாநிலம். நகரங்களுக்கு மட்டும் பெட்டி கிடையாது, தனி வினவல். சென்னையில் நின்று ‘மதுரை’ என்பவருக்குத் தெருமுனை மதுரை மெஸ் முதலில் வந்தால் எரிச்சல்தான். வரிசை: முழுப்பெயர் பொருத்தம், முன்னொட்டு, நடுவில் வருவது, சமமானால் தூரம். சொற்பொருத்தத்துக்கு மதிப்பெண் போடும் பிஎம்25 இடப்பெயருக்குப் பெரிதாக உதவாது. வைத்துக்கொண்டே தீர வேண்டுமென்றால், எஃப்டிஎஸ்5-இல் அதன் மதிப்பு குறையக் குறையத்தான் பொருத்தம் அதிகம், தலைகீழாக அடுக்கிவிடாதீர்கள்.

எழுத்துக்கூட்டி:
தமிழ்ப் பெயர் இல்லாமல் ஆங்கிலப் பெயர் மட்டும் உள்ள இடங்கள் ஏராளம். அவற்றுக்கு ஒலிச் சாவி (ஒரே ஒலியுள்ள ஸ்பெல்லிங்குகளை ஒன்றாக்கிய வடிவம்) அட்டவணையில் ஒரு பத்தியாக வேண்டும்: ‘டிஹெச்’சை (th) ‘டி’யாகவும் (t) ‘இசட்ஹெச்’சை (zh) ‘எல்’லாகவும் (l), இரட்டை உயிரை ஒற்றையாகவும் மடக்குங்கள். அரசே 2020 ஜூனில் 1018 ஊர்களுக்கு ஆங்கில எழுத்துக்கோவையை மாற்றி வெளியிட்டு, சில நாளில் திரும்பப் பெற்றது. ‘சரியான’ ஸ்பெல்லிங் என்று ஒன்றை நம்பி உட்கார முடியாது. குடந்தை, நெல்லை, கோவை, டி. நகர், மவுண்ட் ரோடு எந்த ஒலி விதிக்கும் சிக்காது, கையால்தான் ஏற்ற வேண்டும்.