கிங்லி வேல் யூ மரக்காட்டில் ஒரு மதியம்

போர்ட்ஸ்மத்திலிருந்து:

போன அக்டோபர் கடைசியில் நானும் மனைவியும் கிங்லி வேல் போய் வந்தோம். சிச்செஸ்டருக்கு வடமேற்கே, சவுத் டவுன்ஸ் சுண்ணாம்புக் குன்றுகளின் சரிவில் இருக்கும் யூ மரக்காடு. உடனே எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன், உட்காரும்போதெல்லாம் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன்.

வெஸ்ட் ஸ்டோக் என்று ஒரு சின்ன ஊர். அங்கே காரை விட்டுவிட்டு வயல் ஓரமாக ஒன்றரை கிலோமீட்டர் போல நடக்க வேண்டும். முதல் நாள் பெய்த மழையில் பாதை முழுக்க வெள்ளைச் சேறு. அந்தப் பக்கத்து மண் சுண்ணாம்பு மண், நனைந்தால் ஷூவில் மாவு மாதிரி அப்பிக்கொள்ளும், லேசில் போகாது. மனைவி மெதுவாகத்தான் நடந்தாள். அவளுக்குச் சிகிச்சை முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது, தலையில் குட்டையாக முடி முளைத்து மேலே ஒரு ஸ்கார்ஃப். திரும்பிப் போகலாமா என்று இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் பதில் சொல்லாமல் முன்னே நடந்தாள்.

முதலில் வருவது நாம் எங்கும் பார்க்கிற ஓக், ஆஷ் மரங்கள்தான். யூ மரங்களுக்கு அடியில் போனதும் சட்டென்று இருட்டிவிட்டது. மதியம் பன்னிரண்டரை, வெளியே நல்ல வெயில், உள்ளே விளக்கு வைக்கிற நேரம் மாதிரி. வருடம் முழுக்க பச்சை மாறாத மரம், இலையும் அத்தனை அடர்த்தி, அதனால் கீழே ஒரு புல்கூட முளைப்பதில்லை. வெறும் மண், அதன் மேல் பழுப்பாக உதிர்ந்த ஊசியிலை. நம் காலடிச் சத்தமே நமக்குக் கேட்காது. இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம், நிறுத்தினோம் என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

மரங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடிமரம் ஒரே தண்டாக இல்லை, ஈர வேட்டியை முறுக்கிப் பிழிந்தால் எப்படி இருக்கும், அப்படிப் பல தண்டுகள் ஒன்றாக முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. பட்டை செம்பழுப்பு, கொய்யா மரத்தில் உரியுமே அதுபோலச் சில்லு சில்லாக உரிந்து, உரிந்த இடத்தில் ரத்தச் சிவப்பு. பெரிய கிளைகள் பாரம் தாங்காமல் தரையில் வந்து படுத்து, மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விட்டு, அங்கிருந்து மறுபடி எழுகின்றன. ஆலமரம் விழுதை இறக்கும், இது கிளையையே இறக்குகிறது. உள்ளே உளுத்துப் பொந்தாகிவிடுவதால் வளையம் எண்ணி வயது சொல்லவும் வழியில்லை. பல நூறு வருடம் என்பது மட்டும் பார்த்தாலே தெரியும்.

இவ்வளவு பழைய யூ காடு மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம். நீள்வில் செய்ய இதைவிட நல்ல மரம் இல்லை, வெளிமரம் இழுத்தால் கொடுக்கும், உள்வைரம் அழுத்தினால் தாங்கும். இங்கிலாந்தில் நல்ல யூ மரத்துக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்றால், 1472இல் சட்டமே போட்டார்கள்: துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் ஒவ்வொரு டன் சரக்குக்கும் நான்கு வில் கட்டைகள் கொண்டுவர வேண்டும் என்று.

சரி, நாங்கள் ஏன் போனோம் என்பதற்கு வருகிறேன். மனைவிக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று டோசிடாக்செல் என்ற புற்றுநோய் மருந்து. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஏற்றினார்கள். அது ஐரோப்பிய யூ மரத்தின் ஊசியிலையில் இருந்து எடுக்கும் பொருளை வைத்துச் செய்வது. இதற்கு முன்னால் வந்த பாக்லிடாக்செல் பசிபிக் யூ மரத்தின் பட்டையில் இருந்து கிடைத்தது, பட்டையை உரித்தால் மரம் செத்துப்போகும். பிரான்சில் பியர் பொத்தியேயின் குழு 1980களில் இலையை வைத்தே செய்யலாம் என்று காட்டியது. இலை பறித்தால் மரம் பிழைத்துக்கொள்ளும், மறுபடி துளிர்க்கும். பிரிட்டனில் தோட்டத்து யூ வேலியைக் கத்தரிக்கும்போது விழுகிற தழையைச் சேகரித்து மருந்துக்கு அனுப்பியவர்களும் உண்டு. இதெல்லாம் ராத்திரி தூக்கம் வராமல் அவளே தேடிப் படித்தது. நான்காவது தடவை ஏற்றிவிட்டு வந்த அன்றைக்குச் சொன்னாள், முடிந்ததும் அந்த மரத்தை ஒரு தடவை பார்க்கணும் என்று.

அந்த மருந்து லேசானது இல்லை. முடி போயிற்று, நகம் கறுத்தது, விரல் நுனி மரத்துப்போய் சட்டைப் பொத்தான் போட முடியாமல் என்னைக் கூப்பிடுவாள். மரமும் அப்படித்தான். இலை, பட்டை, விதை எல்லாமே விஷம், மாடு மேய்ந்தால் செத்துவிடும். விதையைச் சுற்றி இருக்கிற சிவப்புச் சதை மட்டும் விஷமில்லை, அதைத் தின்னத்தான் அங்கே அத்தனை பறவைகள்.

இருப்பதிலேயே பெரிதாக ஒரு மரத்தடியில் நின்று பட்டையில் கையை வைத்தாள். நான் தள்ளியே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, திரும்பாமலே, "ஏங்க, விரல்ல தெரியுதுங்க, சொரசொரன்னு இருக்கு" என்றாள்.

அந்த நேரம் பார்த்து கறுப்பு லாப்ரடாரோடு ஒரு பெரியவர் வந்தார். அவள் நெற்றியை மரத்தில் சாய்த்து அழுதுகொண்டிருந்ததைப் பார்த்து, உடம்புக்கு ஏதாவதா, உதவி வேண்டுமா என்று கேட்டார். என் மருந்து இந்த மரத்தில் இருந்து வந்தது என்று அவளே சொன்னாள். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. நாய் அவர் காலடியில் உட்கார்ந்தது. அப்புறம், சின்னப் பையனில் இருந்து இங்கே வருகிறேன், வாருங்கள் என்று பத்தடி தள்ளிக் கூட்டிப்போய், கிளை தரையில் வேர் விட்டிருந்த இடத்தைக் குனிந்து ஊசியிலையை ஒதுக்கிக் காட்டினார். வேர் விரல் தண்டிதான் இருந்தது. காட்டிவிட்டு நாயைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை நாங்கள்.

பிறகு மெதுவாக போ ஹில் என்ற அந்தக் குன்றின் உச்சிக்கும் ஏறினோம். மேலே வெண்கலக் காலத்துப் புதைமேடுகள், தெற்கே சிச்செஸ்டர் தேவாலயக் கோபுரம், அதற்கப்பால் கடல். 'எக்கோசிஸ்டம்' என்ற சொல்லை 1935இல் தந்த ஆர்தர் டான்ஸ்லிக்கு அந்தச் சரிவில் ஒரு நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். கொண்டுபோன புளிச்சாதத்தை அங்கேதான் சாப்பிட்டோம்.

வேறு யாராவது போயிருந்தால் எழுதுங்கள். எந்தக் காடானாலும் சரி.

கிழக்கு லண்டனிலிருந்து:

அண்ணா, வாசித்து முடிக்க நேரம் பிடித்தது. அக்காவை விசாரித்ததாகச் சொல்லுங்கோ.

எனக்குக் காடு என்றால் வேறு மாதிரி. 1996இல் கிளிநொச்சியில் இருந்து ஓடி அக்கராயன் பக்கம் காட்டோரம் தறப்பாள் கட்டி இருந்த ஆட்கள் நாங்கள். லண்டன் வந்து கனகாலம் மரம் அடர்ந்த இடத்துக்குள் போக மாட்டேன், பின்னேரம் என்றால் பூங்காவுக்குக்கூட இல்லை. மகளுக்குப் பத்து வயதில் பள்ளிக்கூடத்தால் எப்பிங் காட்டுக்குக் கூட்டிப்போனார்கள், பெற்றோரும் வரலாம் என்றார்கள், அவளுக்காகப் போனேன். சிங்ஃபோர்ட் ஸ்டேஷனில் இறங்கி நடந்தோம்.

அங்கே மரங்கள் தலை உயரம் வரை ஒரே தண்டு, அதற்கு மேலே பத்துப் பன்னிரண்டு கைகள். கூட வந்த ஆசிரியை விளங்கப்படுத்தினா. முந்தி சனங்களுக்கு விறகு வெட்ட உரிமை இருந்ததாம், புதுத் துளிரை மானும் மாடும் கடிக்காத உயரத்தில்தான் வெட்டுவார்களாம். பிறகு காணி வைத்திருந்தவர்கள் வேலி போட்டு அடைக்கப் பார்க்க, லௌட்டன் ஊர்ச்சனம் விடாமல் வெட்டி மறியலுக்கும், அதுதான் சிறைக்கும், போயிருக்கினம். 1878இல் சட்டம் வந்து காடு எல்லோருக்கும் என்று ஆனது, வெட்டும் உரிமைக்கு நட்டஈடு கொடுத்து அதை நிறுத்தினார்கள். வெட்டுப்படாமல் விட்ட கைகள்தான் இப்போது அவ்வளவு தடிப்பு. விறகுக்காக மறியலுக்குப் போன சனம் என்று கேட்டதும் எனக்கு அந்த இடம் கொஞ்சம் கிட்ட வந்த மாதிரி இருந்தது.

அந்த நேரம் பற்றைக்குள் இருந்து நாய் குரைக்கிற சத்தம், மிகக் கிட்ட. நான் மகளை இழுத்து மரத்துக்குப் பின்னால் குந்திவிட்டேன், யோசித்துச் செய்யவில்லை. வந்தது மண்ட்ஜாக், முழங்கால் உயரத்தில் ஒரு குட்டி மான். அது இப்படித்தான் குரைக்குமாம். எங்களைப் பார்த்தது, வாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. மகள் என் கையை விடவே இல்லை. இப்போது மாதம் ஒருக்கால் போகிறோம், மழை என்றாலும்.

எக்ஸெட்டரிலிருந்து:

டார்ட்மூர் மேட்டு நிலத்தில் விஸ்ட்மன்ஸ் வுட் என்ற ஓக் காட்டைப் பார்த்தேன். டூ பிரிட்ஜஸ் என்ற இடத்தில் இருந்து நடை. கடல் மட்டத்துக்கு மேல் 400 மீட்டர் உயரம், காற்று, குளிர், அதனால் ஓக் மரங்கள் வளராமல் வளைந்து கருங்கல் பாறைகளுக்கு நடுவே குந்தியிருக்கின்றன. பாறை, கிளை, எல்லாவற்றின் மேலும் பாசி. கூட்டம் அதிகமாகி, மிதிபட்டுப் பாசி கெடுகிறது என்பதால் உள்ளே நுழையாமல் ஓரமாக நடக்கச் சொல்கிறார்கள். அவ்வளவு தூரம் போய் வெளியே நிற்பதா என்று முதலில் இருந்தது. பனிமூட்டம் வேறு. ஒரு அரைமணி ஓரத்தில் நின்றேன். கிளையில் தொங்கிய பாசி நுனியில் ஒரு சொட்டு சேர்ந்து, பெரிதாகி, விழுந்து, அடுத்த சொட்டு சேர்வது வரை தெளிவாகத் தெரிந்தது. உள்ளே போயிருந்தால் கீழே பார்த்து நடக்கவே சரியாக இருந்திருக்கும்.

அப்புறம் கிங்லி வேலுக்கு அம்மா அப்பாவைக் கூட்டிப் போகலாமா? ஊரிலிருந்து வருகிறார்கள், அப்பாவுக்கு முழங்கால் வலி.

போர்ட்ஸ்மத்திலிருந்து:

தாராளமாகப் போகலாம். பழைய மரங்கள் வரைக்கும் பெரிய ஏற்றம் இல்லை, அதற்கப்புறம்தான் செங்குத்து. மேலே ஏறாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டுத் திரும்பட்டும். சேறு இருக்கும், அப்பாவுக்கு ஒரு கைத்தடி எடுத்துக்கொள்ளுங்கள். பழத்தை மட்டும் யாரும் வாயில் போட வேண்டாம், சதையோடு விதையும் போய்விடும்.

லண்டன் தங்கச்சிக்கு: உங்கள் பதிவை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். வசந்தத்தில் எப்பிங் போகலாம் என்கிறாள். நீங்கள் வருவீர்களா என்று கேட்கச் சொன்னாள்.