தாடை வலி: யார் சொல்லிக் கூடியது, யார் சொல்லிக் குறைந்தது?

செம்பனைத் தோட்டத்துக்காரி:
சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். இடது தாடை வலி நான்கு வருடப் பழக்கம். கொட்டாவி விட்டால் காதடியில் 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு எப்படியோ காலம் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு தனியார் கிளினிக்கில் பல் மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மூட்டு தேய்ந்துபோய்விட்டது அம்மா. வாயை அகலத் திறக்காதீர்கள், ஒருநாள் பூட்டிக்கொள்ளும்" என்றார். உள்ளே போனபோது இருந்த வலி வெளியே வரும்போது இரட்டிப்பாகியிருந்தது. அன்றோடு முறுக்கு போயிற்று. தோசையைக்கூடக் குழந்தைக்குப் பிய்ப்பது போல் பிய்த்துத் தின்றேன். ஒரு நாளைக்கு எத்தனை 'டக்' என்று எண்ணத் தொடங்கினேன். எண்ண எண்ண வலி ஏறியது. பயத்தில் பல்லைக் கடித்தபடியே இருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல்.

ஈப்போவில் இன்னொருவர் அதே எக்ஸ்ரேயைப் பார்த்தார், தாடையை விரலால் அழுத்தினார். "வலியே இல்லாத பலருக்கும் இந்தச் சத்தம் உண்டு. உங்களுக்குத் தசை இறுகியிருக்கிறது, பெரும்பாலும் சரியாகிவிடும்" என்றார். இரவில் பல்லில் மாட்ட ஒரு தகடு செய்யச் சொன்னார். அது கைக்கு வர இரண்டு வாரம். வருவதற்குள் வலி பாதியாகிவிட்டது! தகட்டுக்குக் கொடுத்த பணத்தை நினைத்தால்தான் இப்போது வலிக்கிறது.

ஓய்வுபெற்ற தாதி:
எனக்கு வியப்பில்லை. 1976இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இதே தாடைத் தசை வலி உள்ள 25 பேருக்குப் பல்லைத் தேய்த்துச் சமன்செய்வது போல் பாவனை மட்டும் செய்தார்கள். 16 பேருக்கு வலி முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ போய்விட்டது.

உடனே 'எல்லாம் மனப்பிரமை' என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், எனக்குக் கோபம் வரும். 1978இல் ஞானப்பல் பிடுங்கியவர்களிடம் ஒரு சோதனை நடந்தது. மருந்துப்போலியால், அதாவது மருந்தே இல்லாத போலி மருந்தால், வலி குறைந்தவர்களுக்கு நலாக்சோன் செலுத்தியதும் வலி கூடியது. அபின் வகை மருந்துகளை முறிப்பது அது. ஆக, நம்பிக்கை வந்ததும் உடம்பே வலிநிவாரணி சுரந்திருக்கிறது. பயம் இதையே தலைகீழாகச் செய்யும். அதற்கு நோசிபோ என்று பெயர். உங்கள் முதல் மருத்துவர் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்தனுப்பியது அதைத்தான்.

லயத்துப் பையன்:
எங்கள் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெசர் ஐயாவிடம் ரோஸ் நிறத் தண்ணீர் ஒன்று இருந்தது. தலைவலி, பல்வலி, மாமியார் தொல்லை, எல்லாவற்றுக்கும் அதுதான். கையைப் பிடித்துப் பார்த்து "மத்தியானத்துக்குள் இறங்கிவிடும்" என்பார். ரப்பர் பால் வெட்டப் போகாமல் படுத்தவர்களுக்கும் இறங்கும். என் அக்காளின் தாடை வலியும் குடித்த ஒரு மணி நேரத்துக்கு அடங்கியது. மூன்று வாரம் அப்படியே ஓடியது. ஞானப்பல் அடியில் சீழ் பாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது. முகம் வீங்கி, நடுராத்திரியில் லாரியில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அதனால் தாதி அக்கா சொல்வதை நம்புகிறேன், ஆனால் முதலில் படம் எடுத்துப் பார்த்த பிறகுதான்.

செம்பனைத் தோட்டத்துக்காரி:
தம்பி, அக்காள் இப்போது நலமா? என் எக்ஸ்ரேயில் சீழ் கீழ் ஒன்றுமில்லை. இரண்டு மருத்துவர்களும் ஒத்துப்போனது அந்த ஒன்றில் மட்டும்தான். முறுக்கு மறுபடியும் தொடங்கிவிட்டேன். தாதி அக்கா, தகட்டை இனியும் மாட்ட வேண்டுமா? டப்பாவில் சும்மா கிடக்கிறது.