புதுப்பிப்பு: ஏற்றத்தில் மிஸ் அடித்த பழைய 125 சிசி பைக்

பனிமூட்டத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது பைக் மிஸ் அடிக்கிறது (என்ஜின் விட்டுவிட்டு இழுக்கிறது), என்ஜின் தலைப்பக்கம் டிக் டிக் சத்தமும் வருகிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா, இரண்டுக்கும் காரணம் வேறு வேறு. காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரைப் பார்க்கச் சிலர் பதிலில் சொன்னதில் நியாயம் உண்டு, 1,868 மீட்டர் உயரத்தில் காற்று மெலிவு, கலவையில் பெட்ரோல் கூடிப்போகும், பொறி கொடுக்கும் பிளக்கிலும் கரி இருந்தது. ஆனால் வெயில் நாளில் ஒழுங்காக ஓடியதே! அதனால் ஈரத்தின் மேல் சந்தேகம் வந்தது. இரவில் லைட்டை அணைத்துவிட்டு, ஓடும் என்ஜினின் பிளக் மூடிமேல் தண்ணீர் தெளித்துப் பார்த்தோம்: மயிரிழை வெடிப்பிலிருந்து நீலப்பொறி என்ஜினுக்குப் பாய்ந்தது. கையைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள், கரண்ட் அடிக்கும். மூடியை மாற்றி, வயர் நுனியைக் கொஞ்சம் வெட்டிப் பூட்டியதும் சரி. அப்புறம் அந்த டிக் டிக், டெப்பட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) கூடியதால் வந்தது. என்ஜின் நன்றாக ஆறிய பிறகே அளந்து வையுங்கள், சூட்டில் வைத்தால் கணக்குத் தப்பும்.