நோபு மட்சுஹிசாவின் பாணி எங்கிருந்து வந்தது?

கேள்வி:
ஜப்பானியச் சமையலையும் பெரு நாட்டுச் சமையலையும் கலந்து பெயர் வாங்கிய நோபு மட்சுஹிசாவைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். உலகம் முழுக்க உணவகங்கள், ஹோட்டல்கள் எல்லாம் சரி. ஆனால் ஹாலிவுட் நடிகர் ராபர்ட் டி நீரோ கூட்டாளியானதால்தான் இவ்வளவு புகழா?

பதில் 1:
இல்லவே இல்லை. டோக்கியோவில் சுஷி (சோற்றோடு மீன் வைத்துச் செய்யும் ஜப்பானிய உணவு) கற்றுக்கொண்டு 1973இல் பெருவின் தலைநகர் லிமாவுக்குப் போனார். அங்கே நல்ல மீன் தாராளமாகக் கிடைத்தது, ஊரில் பழகிய ஜப்பானியப் பொருட்கள்தான் கிடைக்கவில்லை, அதனால் பச்சை மீனில் எலுமிச்சையும் மிளகாயும் கொத்தமல்லியும் சேர்க்கிற அந்த ஊர்ப் பழக்கத்தைத் தன் கத்தி வேலையோடு சேர்த்துக்கொண்டார். பாணி பிறந்தது அங்கேதான்.

பதில் 2:
அதற்குப் பிறகு பட்ட அடியையும் சொல்ல வேண்டும். லிமாவில் அப்போதிருந்த உணவகக் கூட்டாளியோடு ஒத்துப்போகவில்லை. அப்புறம் அலாஸ்காவில் கடன் வாங்கித் திறந்த உணவகம் சில வாரங்களிலேயே தீயில் போய்விட்டது. அந்த மனிதர் அதிலிருந்து எழுந்து லாஸ் ஏஞ்சல்ஸ் வந்து, மறுபடி சுஷி மேடைக்குப் பின்னால் நின்று வேலை பார்த்து, 1987இல் பெவர்லி ஹில்ஸில் 'மட்சுஹிசா'வைத் திறந்தார். டி நீரோ அங்கே வாடிக்கையாளராக வந்தவர். நியூயார்க்கில் திறக்கலாம் என்று அவர் கேட்டதும் நோபு உடனே தலையாட்டவில்லை, சில வருடங்கள் கழித்துத்தான் சம்மதித்தார். 1994இல் முதல் 'நோபு' உணவகம் அங்கே வந்தது.

பதில் 3:
எனக்குப் பிடித்தது அவருடைய 'நியூ ஸ்டைல் சாஷிமி'. சாஷிமி என்றால் மெல்லியதாக வெட்டிய பச்சை மீன் துண்டுகள். பச்சை மீன் வேண்டாம் என்று ஒரு வாடிக்கையாளர் தட்டைத் திருப்பி அனுப்ப, இவர் சூடான எண்ணெயை மேலே ஊற்றி, மீனின் மேற்பரப்பு மட்டும் லேசாக வேகும்படி செய்து கொடுத்தார். அந்த வாடிக்கையாளர் முழுவதும் சாப்பிட்டுவிட்டார்.