மழைக்கு முன் டயர்: இரண்டா, நாலா? காற்றைக் குறைக்கலாமா?

ஜிஎஸ்டி_ரோடு:
முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக், டயர் 185/65 ஆர்15, ஓடியது 41,000 கி.மீ. வாரம் ஒருமுறை சென்னை - திருச்சி போய் வரும் வண்டி. வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் பட்டன் ஆழத்தை, அதாவது டயர் பள்ளங்களின் ஆழத்தை, கேஜ் வைத்து அளந்தேன். முன் டயர் இரண்டிலும் வெளி ஓரம் 3.5 மி.மீ., உள் ஓரம் 2 மி.மீ. பின்னால் இரண்டும் சீராக 4 மி.மீ. நாலிலும் தேதி 3419. கடைக்காரர் "பட்டன் இருக்கு சார், இன்னும் பத்தாயிரம் ஓடும்" என்கிறார். முன் இரண்டை மட்டும் மாற்றினால் போதுமா? புதுசை முன்னாலேயே போடலாமா? மழைக்குக் காற்றை 33 பிஎஸ்ஐ-லிருந்து 28-க்கு இறக்கினால் பிடிப்பு கூடும் என்கிறார்களே, சரிதானா?

அரை_மில்லி:
காற்றை இறக்காதீர்கள். சேற்றிலும் மணலிலும் உதவுகிற வித்தை அது. தண்ணீர் நிற்கும் தார் ரோட்டில் நேர்மாறாக வேலை செய்யும். காற்று குறைந்த டயரின் நடுப்பகுதி உள்வாங்கும், தண்ணீரை வெட்டிக்கொண்டு போக முடியாமல் அதன் மேலேயே ஏறிவிடும். நாசா 1960-களில் விமான டயர்களை வைத்துக் கண்ட ஒரு தோராய விதி இருக்கிறது: பிஎஸ்ஐ அழுத்தத்தின் வர்க்கமூலத்தை 16.7-ஆல் பெருக்கினால், டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் மணிக்கு இத்தனை கி.மீ. என்று வரும். 33-க்குச் சுமார் 96, 28-க்கு 88. பட்டன் ஆழத்தைவிட அதிகமாகத் தண்ணீர் நிற்கும்போது வரும் கணக்கு இது. 90-இல் போகலாம் என்பதற்கான அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அளவையே, டயர் சூடேறுமுன் காலையில் வையுங்கள். பங்க் மீட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதில்லை, காற்று அளக்கச் சொந்தமாக ஒரு கேஜ் வாங்கிவிடுங்கள்.

பட்டன் விஷயம். சட்டம் கேட்பது 1.6 மி.மீ.; பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சின்ன மேடுகளோடு டயரின் மேற்பரப்பு சமமாவது அந்த அளவில்தான். அது சட்டத்தின் கடைசி எல்லை, மழைக்கான அளவு அல்ல. சாலையில் 2 மி.மீ. தண்ணீர், டயர் தரையைத் தொடும் அகலம் 15 செ.மீ. என்று வையுங்கள். 80 கி.மீ. வேகத்தில் ஒரு டயர் ஒரு நொடியில் ஆறரை லிட்டருக்கு மேல் ஒதுக்கித் தள்ள வேண்டும். அந்தப் பள்ளங்கள்தான் வாய்க்கால். தூர்ந்துபோன வாய்க்கால் எவ்வளவு வடிக்கும்? 3 மி.மீ.க்குக் கீழே போனால் மழைக்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது. மொட்டை டயர் காய்ந்த ரோட்டில் நன்றாகவே பிடிக்கும், அதனால்தான் யாரும் கவனிப்பதில்லை.

பின்சக்கரம்:
இரண்டு மட்டும் வாங்கினால் புதுசு பின்னால்தான் போக வேண்டும், முன்சக்கர இழுவை வண்டியாக இருந்தாலும். முன் டயர் வழுக்கினால் வண்டி திரும்பாமல் நேரே போகும். ஆக்சிலேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடி திரும்பக் கிடைக்கும். பின் டயர் வழுக்கினால் வால் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும், அதைச் சமாளிக்கச் சாதாரண ஓட்டுநருக்கு நேரம் இருக்காது. உங்கள் கணக்கில் 4 மி.மீ. டயர்கள் முன்னால் வரும்.

ஆனால் நான் நாலையும் மாற்றச் சொல்வேன். 3419 என்றால் 2019-ஆம் ஆண்டின் 34-ஆம் வாரம் செய்தது. ஆறு வயது தாண்டிய ரப்பர், நம் ஊர் வெயிலில் நின்று இறுகியிருக்கும். பட்டன் எவ்வளவு இருந்தாலும் இறுகிய ரப்பர் ஈர ரோட்டைக் கவ்வாது. பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம். வாங்கும்போதும் தேதியைப் பார்த்து வாங்குங்கள், கடையில் இரண்டு வருடம் கிடந்த டயரும் 'புதுசு' என்றுதான் வரும்.

இன்னொன்று: முன்னால் உள் ஓரம் அதிகம் தேய்ந்திருப்பது பெரும்பாலும் அலைன்மென்ட் (சக்கரம் நிற்கும் கோணம்) கோளாறு. சக்கரத்தைப் பிடித்திருக்கும் இணைப்புகளான கீழ்க்கை புஷ், பால் ஜாயின்ட், டை ராடு முனை ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு அலைன்மென்ட் செய்யுங்கள். ஆட்டத்தோடு அலைன்மென்ட் செய்தால் அந்தக் காசு தண்டம், புது டயரும் அதே மாதிரி தேயும்.

நாலு_நொடி:
டயர் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். ஓட்டுவதில் சில:

தூறல் தொடங்கும் முதல் பத்து, பதினைந்து நிமிடம்தான் மோசம். எண்ணெயும் தூசியும் கலந்து மேலே மிதக்கும். முன் வண்டியோடு நாலு நொடி இடைவெளி விடுங்கள். 100-க்குப் பதில் 80-இல் போனால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். வலப்பக்கம் வளையும் இடங்களில் சரிவு மீடியன் பக்கம் இருப்பதால் தண்ணீர் வேகத் தடத்தில்தான் தேங்கும். இடத் தடத்தில் லாரிச் சக்கரங்கள் பதித்த பள்ளங்கள் இருக்கும். முன் வண்டி தண்ணீரை ஒதுக்கிப்போன தடத்திலேயே போவது மேல்.

ஸ்டீயரிங் திடீரென்று லேசானால் டயர் மிதக்கிறது என்று அர்த்தம். பிரேக்கைத் தொடாமல், ஸ்டீயரிங்கை நேரே பிடித்து, ஆக்சிலேட்டரை மெதுவாக விடுங்கள். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல் மழையில் வேண்டவே வேண்டாம். ஓடும்போது நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு போகும் பழக்கத்தை யார் கற்றுக்கொடுத்தார்களோ! எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்கு எப்படித் தெரியும்? ஹெட்லைட் லோ பீம் போதும்.

ஜிஎஸ்டி_ரோடு:
நன்றி. நாலும் மாற்றிவிடுகிறேன். ஸ்டெப்னி ஒருமுறைகூட ஓடாதது, அதுவும் 2019தான். அதையும் ஒரு ஜோடியில் சேர்த்து, மூன்று மட்டும் வாங்கலாமா?

பின்சக்கரம்:
வேண்டாம் சார். ஓடாவிட்டாலும் அதற்கும் அதே வயது, ஒரே அச்சில் ஒன்று புது ரப்பர், ஒன்று பழையது என்றால் ஈரத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஸ்டெப்னியாகவே இருக்கட்டும், பஞ்சர் கடை வரை போக மட்டும். அதில் காற்று இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.