1930 ஃபோர்டு மாடல் ஏ: நேராக ஓடும்போது ஸ்டீரிங் பிளே, ஒடித்தால் டைட். பாக்ஸை மாற்ற வேண்டுமா?

பொள்ளாச்சி மாடல் ஏ:

வணக்கம். தாத்தா காலத்திலிருந்து வீட்டில் நிற்கிற வண்டி, 1930 மாடல் ஏ, வலது பக்க ஸ்டீரிங். இன்ஜின், பிரேக் வேலையெல்லாம் முடிந்து நன்றாக ஓடுகிறது. ஸ்டீரிங்தான் பயமுறுத்துகிறது. நேராகப் போகும்போது ஸ்டீரிங் வீலை நாலு விரல் அகலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டலாம், முன் சக்கரம் அசையாது. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் முன்பக்கம் முழுக்கப் படபடவென்று வாப்ளிங் அடிக்கிறது, வேகத்தை நன்றாகக் குறைத்தால்தான் அடங்கும்.

பட்டறையில் காட்டினேன். ஸ்டீரிங் பாக்ஸை இறுக்கிக் கொடுத்தார்கள். நடுவில் பிளே (வெற்று ஆட்டம்) கொஞ்சம் குறைந்தது, ஆனால் முழுக்க ஒடித்தால் பிடிக்கிறது, வளைவு முடிந்த பிறகு வீல் தானாகத் திரும்பி வருவதே இல்லை. எண்ணெய் ஒழுகுகிறது என்று உள்ளே கிரீஸ் வேறு அடைத்திருக்கிறார்கள். இப்போது பாக்ஸுக்குள் இருக்கிற வார்ம் (ஸ்டீரிங் ஷாஃப்டின் அடியில் உள்ள சுருள் பல்), செக்டர் (அதோடு சேரும் பல்சக்கரத் துண்டு) இரண்டையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கச் சொல்கிறார்கள், விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. பணத்தைப் போடுவதற்கு முன் வேறு என்ன பார்க்கலாம்? அடுத்த வருஷம் குன்னூர் மலைப்பாதையில் ஏற்ற வேண்டும் என்று ரொம்ப ஆசை.

பட்டறைக்காரன்:

தம்பி, இப்போதைக்கு எதையும் வரவழைக்காதீர்கள். மாடல் ஏ-யில் நாலு விரல் பிளே என்றால் அது ஒரே இடத்திலிருந்து வராது. பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வெளியே வரும் கை) உருண்டை, டிராக் லிங்கின் (அந்தக் கையைச் சக்கரத்தோடு இணைக்கும் ராட்) இரண்டு முனை, டை ராடின் (இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் ராட்) இரண்டு முனை, கிங் பின் (முன் சக்கரம் ஒடியும் அச்சாணி), வீல் பேரிங், இதற்கெல்லாம் பிறகுதான் பாக்ஸ். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து உங்கள் கைக்கு மொத்தமாக வந்து நிற்கிறது. மொத்தத்தையும் பாக்ஸிலேயே இறுக்கி எடுக்கப் பார்த்தால் நீங்கள் சொல்கிற மாதிரிதான் ஆகும்.

முதலில் இதைச் செய்யுங்கள். வண்டி தரையிலேயே நிற்கட்டும், ஒருவர் உட்கார்ந்து வீலைச் சின்னதாக இடம் வலம் ஆட்டட்டும். நீங்கள் கீழே படுத்து ஒவ்வொரு ஜாயின்டிலும் விரலை வையுங்கள், பாதி விரல் உருண்டை மேல், பாதி விரல் ராடின் முனை மேல். இரண்டும் ஒன்றாக அசைந்தால் அந்த ஜாயின்ட் நல்லது. ஒன்று அசைந்து மற்றது தாமதித்தால் விரலுக்கு அப்படியே தெரியும், கண்ணால் பார்ப்பதைவிட இது சரியாகச் சொல்லும். அப்புறம் முன்பக்கம் ஜாக்கி ஏற்றி சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங், போகவில்லை என்றால் கிங் பின்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் பாக்ஸைத் தொட வேண்டும், அதுவும் டிராக் லிங்கை பிட்மேன் ஆர்மிலிருந்து கழற்றிவிட்டுத்தான். லிங்க் மாட்டியிருந்தால் சக்கரத்தின் எடைதான் கைக்குத் தெரியும், பாக்ஸின் இறுக்கம் தெரியாது. உங்களுடையது 1930 என்பதால் இரண்டு பல் செக்டர் இருக்க வேண்டும் (1928-லும் 1929 தொடக்கத்திலும் வந்தவை ஏழு பல்). இதில் பல சரிசெய்தல் உண்டு, ஒவ்வொன்றும் வேறு வேறு வேலைக்கு. வீலை மேலே இழுத்து அமுக்கினால் ஷாஃப்ட் ஏறி இறங்குகிறது என்றால் அது வார்மின் இரு முனையிலும் உள்ள டேப்பர் ரோலர் பேரிங்குகளின் தளர்வு, முதலில் அதை எடுங்கள். அடுத்து செக்டர் ஷாஃப்டின் பக்கவாட்டு ஆட்டம், லாக் நட்டோடு இருக்கிற ஸ்க்ரூ அதற்கானது. அந்த ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் பற்களின் இடைவெளி குறையாது, உராய்வுதான் ஏறும்! வீல் திரும்பி வராததற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று சந்தேகப்படுகிறேன். பற்கள் சேருவதை எக்சென்ட்ரிக் (மையம் விலகிய உருளை) வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும், அது கடைசி.

பற்களைச் சேர்க்கும்போது வீலை ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை சுற்றி, எண்ணி, சரிபாதியில் நிறுத்தி, டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் மட்டும் மிக லேசான பிடிப்பு தெரிய வேண்டும், இரு பக்கமும் போகப் போகத் தளர வேண்டும். வாழ்நாள் முழுக்க வண்டி பெரும்பாலும் நேராகத்தான் ஓடுகிறது, அதனால் நடுப்பகுதிதான் தேயும். நடுவில் பிளே எடுத்ததும் ஓரத்தில் பிடிக்கிறது என்றால் வார்ம் நடுவில் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது நடுவில் கொஞ்சம் பிளே விட்டுத்தான் ஆக வேண்டும். ஸ்டீரிங் வீலின் விளிம்பில் ஒரு அங்குலம் பிளே இருந்தால் தாராளமாக ஓட்டலாம். வளைவில் பிடித்துக்கொள்கிற ஸ்டீரிங்கோடு மலையேறவே கூடாது.

லேத் ராஜ்யம்:

அண்ணன் சொன்னதோடு ஒன்று. மாடல் ஏ-யில் உருண்டைகள் ஆர்மோடு சேர்ந்தே இருக்கும், புதிதில் 1 அங்குலம். தேயும்போது வட்டமாகத் தேயாது, முட்டை வடிவமாகிவிடும். காலிப்பரை ஒரே இடத்தில் வைத்து அளந்து ஏமாற வேண்டாம், சுற்றிச் சுற்றி அளக்கவும். முட்டையான உருண்டைக்குப் புது கப் (உருண்டை உட்காரும் குழி), ஸ்பிரிங் போட்டு, முனையை மூடும் பிளக்கை இறுக்கினால் நேராக இருக்கும்போது சரியாக இருக்கும், ஒடித்ததும் பிடிக்கும். உங்கள் வண்டி ஒடித்தால் பிடிப்பதில் இதற்கும் பங்கு இருக்கலாம். பிளக்கை முழுக்க இறுக்கி, பிறகு கொஞ்சம் பின்னால் எடுத்து ஸ்பிளிட் பின் போட வேண்டும்.

சிலர் தேய்ந்த உருண்டை மேல் வெல்டிங் ஏற்றி ராவிக் கொடுப்பார்கள். நான் அந்த வேலையை எடுப்பதில்லை. ஃபோர்ஜிங் ஆர்ம், கண்டபடி சூடேற்றினால் கழுத்தில் விரிசல் விடும், வெளியே தெரியாது. வேறு வழியில்லாமல் செய்தால் டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டும் சாயம்) அடித்துப் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

செக்டர் ஷாஃப்ட் புஷ்ஷையும் (ஷாஃப்ட் சுழலும் குழல்) பாருங்கள். புஷ் தேய்ந்தால் பாரம் ஏறும்போது ஷாஃப்டே வார்மை விட்டு விலகும், எக்சென்ட்ரிக்கை எப்படித் திருப்பினாலும் பிளே போகாது. புது புஷ் அடித்து இரண்டையும் ஒரே நேர்கோட்டில் ரீமர் (துளையை அளவாக்கும் கருவி) போட்டால் பாதி பாக்ஸ்கள் பிழைத்துவிடும். வார்மின் மேல் தோல் உரிந்து குழி விழுந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். நம் ஊருக்கு வந்த மாடல் ஏ-க்கள் கனடா ஃபோர்டு வழியாக வந்த வலது ஸ்டீரிங் வண்டிகள். அமெரிக்கக் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது இடது ஸ்டீரிங்குக்கு, ஆர்டர் போடும்போது வார்ம் சுருளின் திசையைப் பழையதோடு ஒப்பிட்டுக் கேளுங்கள்.

பொள்ளாச்சி மாடல் ஏ:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. விரல் வைத்துப் பார்த்தேன். டிராக் லிங்கின் முன் முனை தாமதிப்பது நன்றாகவே தெரிகிறது, டை ராடில் இடது பக்கமும் அப்படித்தான். பிரேக்கை மிதித்தும் வலது சக்கரத்தில் ஆட்டம் போகவில்லை, ஆக கிங் பின். லிங்கைக் கழற்றினால் பாக்ஸ் முழுக்கவே கனமாகச் சுற்றுகிறது. செக்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தியதும் உடனே லேசாகிவிட்டது! நடுவில் இன்னும் பிளே இருக்கிறது, ஆனால் நான் நினைத்ததில் பாதிகூட இல்லை. கிரீஸை என்ன செய்ய? வாப்ளிங்குக்கு கிங் பின் மட்டும் போதுமா?

ஆஸ்டின் 7 குன்னூர்:

கிரீஸை முழுக்க வழித்து எடுத்துவிடுங்கள். கெட்டி கிரீஸைப் பற்கள் ஒரு முறை ஒதுக்கினால் அது திரும்பி வராது, பல் காய்ந்தே ஓடும். ஃபோர்டு சொன்னது 600டபிள்யூ என்கிற மிகக் கெட்டியான எண்ணெய். அது கிடைக்காவிட்டால் கிடைப்பதில் கெட்டியான கியர் ஆயில், வெண்கல புஷ்ஷை அரிக்காத ஜிஎல்-4 ரகமாகப் பார்த்து வாங்குங்கள். இந்த பாக்ஸில் இன்றைய மாதிரி ஆயில் சீல் கிடையாது, லைட் சுவிட்ச் ராட் ஸ்டீரிங் ஷாஃப்டுக்குள்ளேயே இறங்கி அடியில் வெளியே வருகிறது, எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினால் அந்த வழியாகச் சுவிட்ச் மேலேயே சொட்டும். அளவோடு ஊற்றி அவ்வப்போது பார்த்துக்கொள்வதுதான் வழி.

வாப்ளிங்குக்கு கிங் பின் முக்கியம், ஆனால் அத்துடன் விடாதீர்கள். முன் அச்சைப் பிடித்திருக்கிற ரேடியஸ் ராட் பின்னால் வந்து கிளட்ச் ஹவுசிங்குக்குக் கீழே ஒரு உருண்டையில் முடியும், அங்கே தளர்ந்திருந்தால் அச்சே முன்னும் பின்னும் நகரும். டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கிச் சேரும் அளவு) 1/16 அங்குலம், கேஸ்டர் (கிங் பின் பின்னோக்கிச் சாயும் கோணம்) 5 டிகிரி, டயரில் 35 பவுண்டு காற்று, மூன்றையும் சரிபாருங்கள்.

என்னுடைய ஆஸ்டின் 7-ல் ஒரு வசதி உண்டு, செக்டருக்குப் பதில் முழு வட்டப் பல்சக்கரம், தேய்ந்தால் கால் சுற்று திருப்பி மாட்டிப் புதுப் பல்லில் ஓட்டலாம். உங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை, அதனால் இருக்கிற வார்மைக் காப்பாற்றுங்கள். வண்டி நிற்கும்போது வீலை ஒடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், கொஞ்சம் உருளவிட்டு ஒடியுங்கள். கிங் பின் வேலை முடிந்ததும் முதலில் மேட்டுப்பாளையம் வரை சமவெளியில் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள், கல்லாறுக்கு மேலே ஏறுவதைப் பற்றி அப்புறம் பேசுவோம்.